காரைக்குடி வெப்சைட் கடை: நாலு ஸ்டார்

பழைய செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரைக்கல் பராமரிப்பு, இதுதான் என் தொழில். சைட் போட்டுத் தந்தது காரைக்குடியில் மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கடை. "அண்ணே, சைட்ல மத்தவங்க விளம்பரம் வச்சா காசு கொட்டும்"னார் கடைத் தம்பி. எட்டு மாசத்துல கணக்குல ஏறினது நானூத்திச் சொச்சம் ரூபாய். அதுவும் 100 டாலர் சேர்ந்தாத்தான் கைக்கு வருமாம்! தூக்கச் சொல்லிட்டேன். பதிலுக்கு, கண்ணாடி மேல சாயம் ஊத்தி, சிமெண்டு போட்டு, தண்ணியில ஊறவச்சு ஆத்தங்குடிக் கல் செய்யுற படங்களைப் போட்டு, கீழே "வீடு பார்த்து யோசனை சொல்ல 3,000 ரூபாய்"னு பட்டன் வைக்கச் சொன்னேன். மறுநாளே வச்சுட்டார். கானாடுகாத்தான் வீட்டுக்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்தே பணம் கட்டினார். போன்ல படம் திறக்கத்தான் ஒரு யுகம் ஆகுது. குறைச்ச ஸ்டார் அதுக்கு.