விண்டோஸ், உபுண்டு, மேக்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு நம்பகத்தன்மை பற்றி

விண்டோஸ் 98 காலத்திலிருந்து விண்டோஸ், அப்புறம் அதோடு சேர்த்து உபுண்டு என்ற இலவச லினக்ஸ் சிஸ்டம், வீட்டில் ஆப்பிளின் ஒரு மேக். தினசரி வேலை எல்லாமே இவற்றில்தான். இவற்றில் எதை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு, எது அடிக்கடி ஹேங் ஆகிறது என்பதை வைத்து நான் இப்போது பதில் சொல்வதில்லை. அந்தக் கட்டத்தை மூன்றுமே தாண்டிவிட்டன.

98இல் ஒரு புரோகிராம் கெட்டால் மொத்த சிஸ்டத்தையும் இழுத்துக்கொண்டு விழும். நினைவகத்தில் ஒன்றின் இடத்தை இன்னொன்று தொடாமல் காக்கும் ஏற்பாடு அதில் அரைகுறைதான். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக, இந்தக் காப்பு ஒழுங்காக இருந்த என்டி கெர்னல் (கெர்னல் என்றால் சிஸ்டத்தின் மையப் பகுதி) வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. பெரிய மாற்றம் அதுதான். அதற்கு அடுத்து வந்த, எல்லோரும் திட்டிய விண்டோஸ் விஸ்டாவும் ஒரு நல்ல காரியம் செய்தது. கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக் காட்சிக்கான வன்பொருளை இயக்கும் மென்பொருள், நின்றுபோனால் அதை மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், எழுதிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இன்று சிஸ்டமே நின்று ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் முதலில் டிரைவரையும், நினைவகமான ரேமையும்தான் சந்தேகப்படுவேன். என் பழைய லேப்டாப் ஒன்று திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் அதே கதை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓடவிட்டதில் ரேம் பழுது என்று தெரிந்தது. மாற்றியதும் இரண்டுமே ஒழுங்காக ஓடின. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதும், கெர்னல் மட்டத்தில் ஓடிய ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால்தான். அப்படிப்பட்டவற்றைக் கெர்னலுக்கு வெளியே நகர்த்தும் வேலையை ஆப்பிள் 2019இல் மேக்கின் கேடலினா பதிப்பிலேயே தொடங்கிவிட்டது. சரியான முடிவு.

இப்போது என்னை உண்மையில் படுத்துவது ஸ்லீப். பழைய முறையில் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் தூங்கும். புதிய லேப்டாப்களில் வரும் மாடர்ன் ஸ்டேண்ட்பை பாதி விழிப்பிலேயே இருக்கிறது. மூடிப் பையில் வைத்த லேப்டாப்பை எடுத்தால் சூடாக இருக்கிறது, பேட்டரி காலி. ஒரு கருவியை மூடிவிட்டு நிம்மதியாக நகர முடியவில்லை என்றால் அதை நம்பகமானது என்று எப்படிச் சொல்வது? வெளியே கிளம்பும்போது நான் ஹைபர்னேட் மட்டுமே பயன்படுத்துகிறேன், அதாவது வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்துவிடுவது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் கெர்னல் புதிதாகத் தொடங்காது. அதன் நிலையை டிஸ்க்கில் சேமித்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் அப் டைம் பாருங்கள், நாள்கணக்கில் காட்டும். ஏதாவது தடுமாறினால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

அப்டேட் விஷயத்தில் எனக்கு நிம்மதி தந்தது உபுண்டு எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு, ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட். புதியது வந்தவுடன் தாவாமல் முதல் திருத்தப் பதிப்பு வரை காத்திருப்பேன். விண்டோஸில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அப்டேட்டை எடுத்துக்கொள்கிறேன், மாதக் கடைசியில் முன்னோட்டமாக வரும் ப்ரிவியூ அப்டேட்டைத் தொடுவதில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, பிராசசர் அதன் பட்டியலில் இல்லை என்று நன்றாக ஓடும் கணினிகளைக் கழித்துக்கட்டுவது எனக்கு ஒப்பவே இல்லை. அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்றில் உபுண்டு எல்டிஎஸ் போட்டிருக்கிறேன். பிரவுசர், டாக்குமென்ட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றன. ஸ்கேனர் மட்டும் ஒத்துவரவில்லை, அதை மேக்கில் பார்த்துக்கொள்கிறேன்.