எச்சிஐ பாடத்துக்கு எந்தப் புத்தகம்: டிக்ஸா, ஷார்ப்–ப்ரீஸ்–ரோஜர்ஸா?

மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மனிதர்–கணினி ஊடாட்டம் எடுக்கிறேன், எல்லாரும் சொல்கிற மாதிரி எச்சிஐ. செமஸ்டர் தொடங்கியதும் வருகிற முதல் கேள்வி, "சார், எந்த புக் வாங்கணும்?" பாதிப் பேர் எதையும் வாங்குவதில்லை, லோக்கல் ஆத்தர் புக்கை ஜெராக்ஸ் போட்டு 13 மார்க் கேள்விகளை மனப்பாடம் பண்ணித் தேறிவிடுகிறார்கள். வாங்க நினைக்கிற மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் முதல் மூன்று யூனிட்டுக்கும் ஆலன் டிக்ஸும் மற்ற மூவரும் எழுதிய ‘ஹியூமன்–கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்’ மூன்றாம் பதிப்பு, 2004, என்று போட்டிருந்தது. மொபைலுக்கும் வெப்புக்கும் வேறு புத்தகங்கள். அதனால் நம் ஊரில் எச்சிஐ என்றாலே டிக்ஸ்தான். அதன் மேல் எல்லாரும் வைக்கிற குறை, பழசு என்பது. ஐபோன் வந்ததே 2007இல், அப்படியிருக்க 2004 புத்தகத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. பழசாகிப்போனது கணினியைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம், அதைப் புரட்டிவிட்டுப் போகலாம். மனிதனைப் பற்றிய முதல் அத்தியாயம் பழசாகவில்லை, ஏனென்றால் நம் கண்ணும் காதும் ஞாபகமும் 2004இல் இருந்த மாதிரியேதான் இருக்கின்றன. ஆரம்பகால ஏடிஎம்கள் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கார்டைக் கொடுத்தன, பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்ததென்று ஜனங்கள் கார்டை விட்டுவிட்டுப் போனார்கள் என்று அதில் ஓர் உதாரணம் வரும். வகுப்பில் அதைச் சொன்ன உடனே எல்லாருக்கும் புரிகிறது, யாராவது ஒருவர் வீட்டுக் கதை ஒன்றை எடுத்துவிடுவார்.

டிக்ஸில் எனக்கு இருக்கிற குறை வேறு. அதில் வருகிற மனிதர் பெரும்பாலும் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், வெளிச்சம் இருக்கிறது, கை காய்ந்திருக்கிறது, பக்கத்தில் யாரும் கத்தவில்லை. அவரை எங்கே போய்ப் பார்ப்பது, என்ன கேட்பது, எவ்வளவு நேரம் சும்மா கவனிப்பது என்பதெல்லாம் உண்டு, ஆனால் 20 வயதுப் பிள்ளை கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிற அளவுக்கு இல்லை.

அந்த இடத்தில்தான் ஹெலன் ஷார்ப், ஜென்னி ப்ரீஸ், இவான் ரோஜர்ஸ் எழுதிய ‘இன்டராக்‌ஷன் டிசைன்’ ஜெயிக்கிறது. 2002இல் முதல் பதிப்பு, 2019இல் ஐந்தாவது, 2023இல் ஆறாவது. தகவல் திரட்டுவதற்குத் தனி அத்தியாயம், அலசுவதற்குத் தனி அத்தியாயம், செய்ததைச் சோதிப்பதற்குக் கடைசியில் மூன்று அத்தியாயம். பேட்டி எடுப்பதற்கும் கூட நின்று பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பொறுமையாகச் சொல்கிறது.

என் மாணவர்கள் மூன்று பேர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகளுக்காக ஒரு கணக்கு ஆப் செய்தார்கள். பூவின் பெயர், எடை, விலை, வாங்கியவர், தேதி என்று எட்டுக் கட்டம், அதற்கு முன்னால் ஒரு லாகின். முதலில் மத்தியானம் போய்ப் பேட்டி எடுத்தார்கள், வியாபாரி அண்ணன் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குப்பா" என்றுவிட்டார். ஷார்ப் புத்தகத்தின் தகவல் திரட்டும் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லி, யாவாரம் நடக்கிற விடியற்காலையில் போய்ச் சும்மா நின்று பாருங்கள் என்று அனுப்பினேன். அப்போதுதான் தெரிந்தது, மூட்டை அவிழ்க்கும்போது மல்லியில் தண்ணீர் சொட்டுகிறது, ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் ஒழுங்காக வேலை செய்யவில்லை, ஒரே நேரத்தில் நாலு பேர் விலை கேட்கிறார்கள். "தம்பி, கையப் பாருப்பா, இதுல எங்கிட்டு உன் பட்டனை அமுக்குறது?" என்று கேட்டாராம் அதே அண்ணன்.

திரும்பி வந்த பிறகு டிக்ஸ்தான் தேவைப்பட்டது, இதை அழுத்திச் சொல்கிறேன். பட்டன் ஏன் பெரிதாக வேண்டும் என்பதற்கு ஃபிட்ஸ் விதி இருக்கிறது, 1954இல் வந்தது: இலக்கு சிறிதாக, தூரமாக, போய்ச் சேர நேரம் கூடும். எட்டுக் கட்டம் ஏன் ஆகாது என்பதை, ஒவ்வொரு தட்டலுக்கும் ஆகும் விநாடிகளைக் கூட்டுகிற கீஸ்ட்ரோக் மாடல் வைத்துக் கூட்டிப் பார்த்தார்கள், அதில் ஒருமுறை மனதைத் தயார்படுத்திக்கொள்ள மட்டும் 1.35 விநாடி. கூட்டினதில் கட்டங்கள் மூன்றாகக் குறைந்தன. ஆனால் அந்தக் கணக்கு பழகின கையை, தப்பே பண்ணாத கையை வைத்துப் போட்டது, நாலு பேர் கத்தும் நடுவில் நிற்கிறவருக்கு அது குறைந்தபட்ச நேரம்தான். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எண் வந்துவிட்டதே என்று நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். ஷார்ப் புத்தகத்தில் இந்தக் கணக்குகளுக்கு இவ்வளவு இடம் இல்லை. படங்களும் உதாரணங்களும் நிறைய, ஆனால் ‘ஏன்’ என்று ஒருபடி கீழே இறங்கிக் கேட்டால் சில இடங்களில் மெலிந்துவிடுகிறது.

இன்னொரு எச்சிஐ பாடநூல் எழுதிய பென் ஷ்னைடர்மன், திரை வடிவமைப்புக்குச் சொன்ன எட்டுப் பொன்விதிகளை நோட்ஸிலேயே படித்துவிடலாம், அதற்காக மட்டும் அவருடைய தடிப் புத்தகத்தை வாங்க வேண்டாம். டான் நார்மன் எழுதிய ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’ பாடநூல் அல்ல, ஆனால் எதையும் தொடங்கும் முன் லீவில் படிக்க அதுதான் சரி, 2013இல் திருத்திய பதிப்பாகப் பாருங்கள். நம் வகுப்பறை சுவிட்ச்போர்டில் எட்டு சுவிட்ச் இருக்கும், எது எந்த ஃபேனுக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்போமே, அது நம் தப்பில்லை என்று முதலில் புரிய வைத்த ஆள் அவர்.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஷார்ப் வாங்குங்கள், புராஜெக்ட் செய்கிறவர்கள் கண்டிப்பாக. டிக்ஸை நூலகத்தில் எடுத்து 1, 3, 5, 9, 12 அத்தியாயங்களைப் படியுங்கள். 16இலிருந்து 18 வரை பெட்ரி வலை, முறைசார் குறியீடு என்று, ஊடாட்டத்தைக் கணித வடிவில் எழுதுகிற முறைகளாகப் போகும், ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் தவிர மற்றவர்கள் இப்போதைக்கு விடலாம். இன்னொரு விஷயம், ஷார்ப் புத்தகத்தில் பதிப்புக்குப் பதிப்பு ஆசிரியர் பெயர் வரிசை மாறும், ஒன்றில் ப்ரீஸ் முதலில், ஒன்றில் ரோஜர்ஸ் முதலில். நூலகத்தில் ஷார்ப் என்று தேடிக் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடாதீர்கள், மற்ற இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.