கிளட்ச் தட்டுக்கு எந்த வழி? இந்திய ஜிஎஸ்டியும் வன்னிக் கடைகளும்

2025 செப்டெம்பர் 22-ஆம் திகதி இந்தியாவில் ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரி குறைந்தபோது ஏ9 வீதியோரக் கடைகளில் ஒரே கதைதான்: "இனி இந்தியச் சாமான் மலியும்." கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்கும் எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அது பாதி சரி, பாதி பிழை. சாமானை நீங்கள் எந்த வழியால் எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிழையான வழியால் எடுத்தால், இந்திய அரசே நம்மிடம் கேட்காத வரியை நாமாகக் கட்டி, அதை இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவரின் தலையில் ஏற்றுகிறோம். இதைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை என்பதுதான் என் கவலை.

முதலில் குறைந்தது என்ன என்று பார்ப்போம். 12, 28 வீதப் படிகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கும் 18-க்கும் இறங்கின. உழவு இயந்திரம் 12-இலிருந்து 5. உழவு இயந்திரத்தின் பின் டயர், கியர் பெட்டி, ரேடியேட்டர், கிளட்ச், சைலன்சர் போன்ற குறிப்பிட்ட பாகங்கள் 18-இலிருந்து 5. பற்றரி 28-இலிருந்து 18. பேரிங்கும் ஃபில்டரும் முன்போலவே 18. போர் முடிந்த பிறகு வடக்குக்கு இந்தியா கொடுத்த 500 உழவு இயந்திரங்களில் தொடங்கி, இன்று வயலில் நிற்பவற்றில் இந்தியத் தயாரிப்பு நிறைய. அதனால் இந்தப் பட்டியல் நமக்கும் முக்கியம்.

கையோடு வாங்கி வருவது

வன்னிக்காரருக்குப் பழகிய வழி இது. நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு இந்த ஆசை கூடிவிட்டது.

2025 யூலையில் நானும் திருச்சியில் ஒரு கடையில் கிளட்ச் தட்டும் பேரிங்கும் வாங்கினேன். சாமான் விலை 40,000 இந்திய ரூபாய். பில்லின் அடியில் இரண்டு வரி: சிஜிஎஸ்டி 9 வீதம் 3,600, எஸ்ஜிஎஸ்டி 9 வீதம் 3,600. மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி, ஆக 7,200. "வெளிநாட்டுக்காரர்தானே சார், போகும்போது பில்லைக் காட்டினால் திரும்பத் தருவாங்க" என்றார் கடைக்காரர். பில்லைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தேன். புறப்படும் இடத்தில் விசாரித்தால் அப்படி ஒரு கவுண்டரே இல்லை. சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பிக் கொடுக்க ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அந்த 7,200 ரூபாயும் போனதுதான்.

செப்டெம்பர் குறைப்பால் நேரடியாக மிச்சம் பிடிப்பவர் இந்த வழியால் போகிறவர்தான். இன்று 20,000-க்குக் கிளட்ச், 20,000-க்குப் பேரிங் என்று வாங்கினால் வரி 1,000-உம் 3,600-உம் சேர்த்து 4,600. நல்ல குறைவு. ஆனாலும் அது திரும்பி வராத 4,600. அதோடு, ஒரே மாதிரிப் பத்துப் பெட்டி பேரிங் வைத்திருந்தால் அது சொந்தப் பாவனைக்கு இல்லை என்று சுங்கத்தில் யாருக்கும் தெரியும். அவசரத்துக்கு ஒரு பாகம் என்றால் சரி. கடை நடத்த இந்த வழி சரிவராது.

ஏற்றுமதிப் பில்: இரண்டு வகை

இந்தியாவிலிருந்து வெளியே போகும் சரக்குக்கு ஜிஎஸ்டி பூச்சியம். ஐஜிஎஸ்டி சட்டம் 16-ஆம் பிரிவு சொல்வது இது. அங்கே உள்நாட்டு வீதம் 5 ஆனாலும் 18 ஆனாலும், முறையான ஏற்றுமதியாக எடுத்தால் நம் தலையில் விழவேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பூச்சியத்தை அடைய விற்பவருக்கு இரண்டு பாதை உண்டு.

ஒன்று எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம். ஆண்டுக்கொரு தடவை அதை இணையத்தில் கொடுத்துவிட்டு, வரியே போடாமல் பில் எழுதுவார். பொருளைத் தயாரிக்கவோ வாங்கவோ அவர் முன்னர் கட்டிய வரியை அப்புறம் விண்ணப்பித்து மீட்டுக்கொள்வார். மற்றது, ஐஜிஎஸ்டியைப் போட்டுக் கட்டிவிட்டு, சரக்குக் கப்பலேறிய பிறகு அதைத் திரும்ப வாங்குவது. இதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். கப்பல் ஆவணமே விண்ணப்பமாகக் கொள்ளப்படும். ஆனால் ஜிஎஸ்டி கணக்கிலுள்ள எண்ணும் கப்பல் ஆவணத்திலுள்ள எண்ணும் பொருந்தாவிட்டால் காசு அப்படியே நின்றுவிடும்.

விற்பவருக்கு இரண்டுமே சட்டப்படி சரி. வாங்கும் நமக்கு எல்யுடிதான் பத்திரம் என்பேன். ஐஜிஎஸ்டி கட்டிய பில்லில் ஒரு வரித்தொகை அச்சாகி இருக்கும். அதை அரசு விற்பவருக்குத் திருப்பிக் கொடுக்கும். இதை அறியாத வாங்குபவர் பில்லின் அடித்தொகை முழுவதையும் அனுப்பிவிட்டால், விற்பவருக்கு ஒரே வரி இரு பக்கத்தாலும் கிடைக்கிறது.

இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. ஒரு லட்சம் இந்திய ரூபாய்ச் சாமானில் 18,000 வரியும் விலையோடு ஒட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தால், நம் சுங்கத்துக்கு அதன் பெறுமதி 1,18,000. அதன் மேல்தான் இங்கே 18 வீத வற் (பெறுமதி சேர் வரி). அந்த 18,000-க்கு மட்டும் வற் 3,240-க்குக் குறையாது. இந்திய வரிக்கு இலங்கை வரி கட்டுகிறோம்! வற் பதிவு இல்லாத சின்னக் கடைக்கு அது திரும்பி வரவும் மாட்டாது. விலையில் ஏறி, கடைசியில் விதைப்புக்கு முதல் மெசின் திருத்த வரும் ஆளின் கையிலிருந்துதான் போகும்.

அதனால் பில் மாதிரியை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். உறுதிமொழிக் கடிதத்தின் பேரில், ஒருங்கிணைந்த வரி செலுத்தாமல் ஏற்றுமதிக்கு வழங்கப்படுகிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் அதில் இருக்கவேண்டும். அதை எழுதவேண்டும் என்பது விதி. அந்த வாசகமும் இல்லை, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிந்த வரியும் இருக்கிறது என்றால் அது உள்ளூர்ப் பில். விலை எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் அதை ஏற்கவேண்டாம்.

அப்படியென்றால் செப்டெம்பர் குறைப்பால் இந்த வழியில் நமக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது, ஆனால் மறைவாக. உங்கள் விற்பனையாளர் கிளட்சை ஒரு லட்சத்துக்குத் தொழிற்சாலையில் எடுத்தால், முன்பு 18,000 அவருடைய காசு வரியில் முடங்கிக் கிடந்தது. இப்போது 5,000. மீளளிப்பு விண்ணப்பத்தில் 90 வீதத்தை முற்பணமாகக் கொடுக்கும் ஏற்பாடும் 2025 ஒக்டோபர் 1 முதல் கணினியின் அபாய மதிப்பீட்டோடு இணைந்திருக்கிறது. காசு முடங்கும் செலவை அவர் இவ்வளவு நாளும் விலைக்குள்தான் வைத்திருப்பார். "வரி குறைந்ததுதானே, விலையைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "ஏற்றுமதிக்கு வரியே இல்லையே" என்று மறுத்துவிடுவார். "உங்கள் முடக்கம் குறைந்திருக்கிறது, அதில் பங்கு தாருங்கள்" என்று கேளுங்கள். அந்தப் பேச்சுக்கு மதிப்பிருக்கும். வரி குறையாத பேரிங்குக்கும் ஃபில்டருக்கும் இது பொருந்தாது.

0.1 வீத வழி

தொழிற்சாலையில் வாங்கி அனுப்பும் வணிக ஏற்றுமதியாளருக்கு 2017 ஒக்டோபரிலிருந்து ஒரு சலுகை உண்டு. தொழிற்சாலை அவருக்கு 0.1 வீதத்துக்குப் பில் போடலாம். ஒரு லட்சத்துக்கு 100 ரூபாய்தான் வரி. சரக்கு 90 நாளுக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும், தொழிற்சாலையிலிருந்து நேரே துறைமுகத்துக்கோ பதிவுபெற்ற களஞ்சியத்துக்கோ போகவேண்டும். தவறினால் சலுகை பறிபோய்த் தொழிற்சாலை முழு வரிக்குப் பொறுப்பாகும். அதனால் புதிதாக வரும் சின்ன ஓர்டருக்குத் தொழிற்சாலை இதற்கு இலேசில் சம்மதிக்காது. முன்பு இப்படி வாங்கியவர் ஐஜிஎஸ்டி கட்டி மீளப்பெறும் பாதையில் போக 96(10) என்ற விதி தடையாக இருந்தது. 2024 ஒக்டோபர் 8-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

விலையில் மிகக் கீழே வரக்கூடியது இந்த வழிதான். ஆனால் தனிக் கடைக்குக் கைகூடாது. கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புக் கடைகள் நாலைந்து சேர்ந்து, போகத்துக்கு ஒரு தடவை ஒரே ஓர்டராகப் போட்டால் கைகூடும். கமக்கார அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதைக் கையிலெடுத்தால் எவ்வளவு நல்லது! சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் கூலியும் துறைமுகச் செலவும் ஐந்து பெட்டிக்கும் ஐம்பது பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வருவதால், சேர்ந்து எடுப்பதில் அந்த மிச்சமும் இருக்கிறது.

கொழும்பு மொத்த வியாபாரி

சுருக்கமாகச் சொன்னால், காசு கட்டினால் நாளைக்கே லொறியில் வரும், கடனும் கிடைக்கும். விலை அவர் வைத்ததுதான். இந்தியாவில் வரி எவ்வளவு குறைந்தாலும் நம் கைக்கு வரும் என்று ஒரு பிடியும் இல்லை. அதிகம் விற்காத பாகங்களுக்கு நானும் இன்னும் இந்த வழிதான்.

காசு அனுப்புவது

ஏற்றுமதி வழியில் பலர் தயங்குவது முற்பணத்துக்கு. இந்தியாவில் ஏற்றுமதிக் காசு 9 மாதத்துக்குள் வந்துசேரவேண்டும் என்று இருந்ததை 2025 நவம்பரில் 15 மாதமாக்கினார்கள். இலங்கை, நேபாளம், பூட்டான் நாட்டவருக்கு வர்த்தகத்துக்காக இந்திய ரூபாயில் கடன் கொடுக்கவும் இந்திய வங்கிகளுக்கு 2025 ஒக்டோபரில் ரிசர்வ் வங்கி வழிவிட்டது. விற்பவர் உடனே கடன் தருவார் என்று இதற்கு அர்த்தமில்லை. "எங்கள் சட்டம் விடாது" என்று அவர் சொன்னால், சட்டம் இப்போது அவ்வளவு இறுக்கமில்லை என்று நீங்கள் சொல்லலாம். பாதி முற்பணம், மீதி அறுவடை முடிந்து என்று நான் பேசித்தான் இப்போது எடுக்கிறேன்.

ஏற்றுமதியாக எடுக்கும்போது, பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று காட்டும் மூலச் சான்றிதழை மறக்கவேண்டாம். 2000 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்திய – இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் இறக்குமதித் தீர்வைச் சலுகைக்கு அந்தத் தாள் வேண்டும். பொருள், சலுகை கிடைக்காத இலங்கையின் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று ஓர்டருக்கு முன்பே ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள். இந்தச் சலுகை தீர்வைக்கு மட்டும்தான், வற்றுக்கு இல்லை.

ஒன்று மட்டும் திகதியோடு குறித்துவையுங்கள். எல்யுடி நிதியாண்டுக்கு மட்டும் செல்லும், மார்ச் 31-இல் முடியும். நமக்குக் காலபோக வெட்டு முடிந்து சிறுபோக உழவுக்குச் சாமான் எடுக்கும் நேரமும் அதுவே. ஏப்ரலில் பில் போடுபவரிடம், புதிய ஆண்டுக்கான எல்யுடி எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு அனுப்புங்கள்.