ஐஸ் கரைந்து வந்த ஈ-1 நொதி

மூன்று ஸ்டார். நொதிக்கு மட்டும் என்றால் ஐந்தே கொடுப்பேன், அனுப்பிய லட்சணத்துக்கு ஒன்றே அதிகம்.

வாங்கியது மனித ஈ-1 (E1), அதாவது யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை முடுக்கிவிடும் நொதி, 50 மைக்ரோகிராம். பெட்டி கோவைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது, அப்புறம் மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி கிடந்து, பர்லியார் பக்கம் மண்சரிவு என்று கோத்தகிரி வழியாகச் சுற்றி, மூன்றாம் நாள் மத்தியானம்தான் ஊட்டியில் எங்கள் லேபுக்கு வந்து சேர்ந்தது. தெர்மகோல் பெட்டியைத் திறந்தால் ட்ரை ஐஸ் சுண்டைக்காய் அளவில் நாலு துண்டு. ட்யூபைச் சாய்த்தால் உள்ளே துளி ஓடுகிறது. “இங்கதான் குளிரா இருக்கே அக்கா” என்றார் கூரியர் தம்பி. தம்பி, ஊட்டிக் குளிர் பத்து டிகிரி, இதற்கு மைனஸ் 80 வேண்டும்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், செல்லில் கழித்துக்கட்ட வேண்டிய புரதத்தின்மேல் 76 அமினோ அமிலமே கொண்ட இந்த யுபிக்விட்டின் அடையாளமாக ஒட்ட வேண்டும், அது தானாகப் போய் ஒட்டாது. ஈ-1தான் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து யுபிக்விட்டினின் வால் நுனியை உசுப்பி, தன் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றில் மாட்டிக்கொண்டு, ஈ-2 என்ற அடுத்த நொதியிடம் கைமாற்றும். பிறகு ஈ-3 என்ற மூன்றாவது நொதியின் உதவியோடு உரிய புரதத்தில் சேரும். நம்ம மலை ரயிலைக் குன்னூர் வரை நீராவி இன்ஜின் தள்ளிக்கொண்டு வந்து டீசலிடம் விடுமே, அந்த மாதிரி. மனிதரில் ஈ-3 600-க்கு மேல், ஈ-2 நாற்பது போல, யுபிக்விட்டினுக்கான ஈ-1 இரண்டே இரண்டு. அதில் பெரும்பாலான வேலையை இழுப்பது நாங்கள் வாங்கிய யுபிஏ1. ரத்த ஸ்டெம் செல்லில் இதன் மரபணு பழுதானால், பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு, வெக்சாஸ் என்ற கடும் அழற்சி நோய் வருகிறது என்று 2020-இல்தான் தெரிந்தது.

சரி, செத்துப்போயிருக்கும் என்றுதான் சோதித்தேன். ஈ-2, யுபிக்விட்டின், மெக்னீசியம், ஏ.டி.பி. கலந்து 37 டிகிரியில் பத்து நிமிஷம் (காலையில் எங்கள் வாட்டர் பாத் அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம்), பிறகு புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல். ஈ-2 தனியாக 17 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) பக்கம் நிற்கும், யுபிக்விட்டினைச் சுமந்தால் 26 பக்கம் ஏறிவிடும். ஏறியிருந்தது, பளிச்சென்று! இந்தப் பிணைப்பை அறுக்கும் டி.டி.டி. ஊற்றிய வரிசையில் அந்தப் பட்டை காணோம், ஏ.டி.பி. போடாததில் வரவே இல்லை. அப்படியென்றால் சிஸ்டீனின் கந்தகம் வழியாக உண்டாகும் நிஜமான தயோயெஸ்டர் பிணைப்புதான், நொதி உயிரோடு இருக்கிறது. ஆனால் போன வருஷம் உறைந்தபடியே வந்த ட்யூபை விடப் பட்டை கொஞ்சம் மெலிவு.

வாங்குகிறவர்கள் வந்ததும் சின்னச் சின்ன ட்யூபில் பிரித்து வைத்துவிடுங்கள், திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வீரியம் போய்விடும். வினையூக்கி என்பதால் நானோமோலார் அளவு, அதாவது துளியூண்டு, போதும், பார்க்கச் சின்ன ட்யூப்தான், நிறைய நாள் வரும்.

புகார் அனுப்பினேன். பெட்டி வந்தபோது ஐஸ் தீர்ந்துபோயிருந்ததற்குப் படம் கேட்கிறார்கள். ஆவியானதை எங்கே போய்ப் படம் எடுக்க? அடுத்த ட்யூபை நானே முதல் பஸ் பிடித்துக் கோவைக்குப் போய் வாங்கிவருவதாக இருக்கிறேன்.