பென்ஸ் மியூசியம் போனால் பந்தயக் கார்களோடு நின்றுவிடாதீர்கள்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பென்ஸ் மியூசியம் போவதா போர்ஷே மியூசியம் போவதா என்பதுதான். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பென்ஸ், யோசிக்கவே வேண்டாம். போர்ஷே அழகான இடம், அந்தக் கார்களின் மேல் பித்துள்ளவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் கார் என்கிற பொருள் எப்படி வந்தது, அதை வைத்து ஒரு கம்பெனி எப்படிப் பேர் வாங்கியது, எங்கே பேரைக் கெடுத்துக்கொண்டது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் பென்ஸ்தான்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நண்பர்களோடு போய் இரண்டரை மணி நேரத்தில் ஓடி முடித்தேன், அது தப்பு. இரண்டாவது முறை ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன், காலையில் போய்ச் சாயங்காலம்தான் வெளியே வந்தோம். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது முறையைப் பற்றியது.

முதலில் கட்டடம். 2006 மே மாதம் திறந்தது, யூஎன் ஸ்டூடியோ என்கிற டச்சுக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. ஒன்பது தளம். லிஃப்டில் நேராக உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே வர வேண்டும், இறங்க இறங்க வருடமும் முன்னால் வரும். இரண்டு பாதைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்குகின்றன. ஒன்று கம்பெனியின் வரலாற்றைக் காலவரிசையில் சொல்வது, அதில் ஏழு அறை. இன்னொன்று பஸ், லாரி, தீயணைப்பு வண்டி, பிரபலங்களின் கார் என்று வகைவாரியாக அடுக்கியது, அதில் ஐந்து அறை. எல்லோரும் முதல் பாதையிலேயே போய்விடுகிறார்கள், நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். போகிற வழியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம், தயவுசெய்து மாறுங்கள். நுழைவுச் சீட்டோடு காதில் மாட்டும் ஆடியோ கருவியும் தருவார்கள், ஆங்கிலத்திலும் இருக்கிறது, வாங்க மறக்காதீர்கள்.

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரில் நிற்பது கார் இல்லை, ஒரு வெள்ளைக் குதிரை, சிலைதான். கார் வருவதற்கு முன்னால் உலகம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. அந்தத் தளத்தில்தான் 1886 இருக்கிறது. அந்த வருடம் ஜனவரி 29 அன்று மன்ஹைமில் இருந்த கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு மனுப் போட்டார், காப்புரிமையின் எண் 37435. ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைத் திறன், அவ்வளவுதான். அதே வருடம் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இங்கே, இன்று ஸ்டுட்கார்ட்டின் ஒரு பகுதியான கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஒரு குதிரை வண்டியை வாங்கி அதில் தங்கள் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். பென்ஸும் டைம்லரும் தனித்தனியாக, தனித்தனிக் கம்பெனியாக வேலை செய்தவர்கள். இந்தக் கம்பெனிகள் இணைந்து டைம்லர் பென்ஸ் ஆனதெல்லாம் 1926இல்தான், அதற்குள் டைம்லர் இறந்து 26 வருடம் ஆகிவிட்டது.

எனக்கு இதில் எல்லாம் பெரியவர் பெர்த்தா பென்ஸ்தான். கல்யாணத்துக்கு முன்பே தனக்கு வர வேண்டிய சீர்ப் பணத்தை வாங்கிக் கார்லின் பட்டறையை மூழ்காமல் காப்பாற்றியவர். வண்டி செய்தாயிற்று, காப்புரிமை வாங்கியாயிற்று, ஆனால் வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் ஒரு காலையில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு வண்டியை எடுத்துவிட்டார், நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்துபோக வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் கறை நீக்க வைத்திருந்த லிக்ராயின் என்ற பெட்ரோல் மாதிரித் திரவத்தை வாங்கி ஊற்றினார், குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார், பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். திரும்பி வந்து என்னென்ன சரியில்லை என்று கணவரிடம் சொன்னார், மேடு ஏற முடியவில்லை என்றதால் வண்டிக்கு இன்னொரு கியர் வந்தது. என் கணக்கில் பென்ஸ் என்ற பேர் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஓட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்து, திருத்துவது. கீழே இறங்க இறங்க எனக்கு நல்லதாகப் பட்டது எல்லாமே இந்த ஒரு பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் தெரிந்தது.

மெர்சிடிஸ் என்ற பேர் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. நீஸ் நகரத்தில் இருந்த எமில் யெல்லினெக் என்ற வியாபாரி டைம்லர் கார்களை வாங்கிப் பணக்காரர்களுக்கு விற்றவர், இன்னும் வேகமாக, இன்னும் தாழ்வாகச் செய்து கொடு என்று கம்பெனியைக் குடைந்துகொண்டே இருந்தவர். மைபாக் வடிவமைத்த 35 குதிரைத் திறன் காருக்குத் தன் மகளின் பேரை வைக்கச் சொன்னார். அது 1901இல் நீஸ் பந்தயங்களில் ஓடி ஜெயித்தது, பேர் ஒட்டிக்கொண்டது.

அதற்குக் கீழே போர்க்காலம் வருகிறது. இந்தத் தளத்தை வேகமாகக் கடக்கிறவர்களைப் பார்த்தேன், எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1936இல் வந்த 260 டி, தொடராகத் தயாரித்த முதல் டீசல் கார்களில் ஒன்று, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதே கம்பெனிதான் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானங்களுக்கு எஞ்சின் செய்தது, நாஜி ஆட்சிக்கு நெருக்கமாக இருந்தது. 1944இல் அங்கே வேலை பார்த்த 63,610 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், வதை முகாம் கைதிகள். கம்பெனியே ஒப்புக்கொண்ட கணக்கு இது. 1988இல் இதற்கு ஈடாக இரண்டு கோடி மார்க் கொடுத்தார்கள், போர் முடிந்து நாற்பத்து மூன்று வருடம் கழித்து. அதற்குள் எத்தனை பேர் செத்துப் போயிருப்பார்கள்? அந்தக் காலத்துக் குரோமியம் பளபளப்பைப் பார்த்து வாய் பிளக்கும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பந்தயக் கார்கள். அடித்தளத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த ஓடுபாதை மாதிரி ஒரு வளைவில் வெள்ளி நிறக் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள், எல்லோரும் படம் எடுப்பது அங்கேதான். 1934இல் எடை வரம்பு 750 கிலோ என்று இருந்ததால் ஒரு கிலோ குறைக்க இரவோடு இரவாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினார்கள், அடியில் இருந்த அலுமினியம் தெரிந்து 'வெள்ளி அம்பு' என்று பேர் வந்தது என்பது பந்தய மேலாளர் நொய்பாவர் சொன்ன கதை. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது. 1955இல் ஸ்டர்லிங் மாஸ் என்ற ஆங்கிலேயப் பந்தய ஓட்டுநர் 722 எண் போட்ட காரில் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தைப் பத்து மணி ஏழு நிமிடத்தில் முடித்தார், சாதாரண சாலையில், சராசரி மணிக்கு 157 கிலோமீட்டர். 722 என்பது அவர் காலை 7:22க்குக் கிளம்பியதைக் குறிக்கும் எண். அதே வருடம் ஜூனில் லே மான் பந்தயத்தில் இவர்களுடைய கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருட முடிவோடு பந்தயத்தை விட்டு வெளியேறி, பல பத்தாண்டுகள் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் பந்தயக் காரை வைத்துச் செய்த, கூரை போட்ட ஊலன்ஹவுட் கூப்பே என்ற கார் மொத்தம் இரண்டே இரண்டு, அதில் ஒன்றை 2022 மே மாதம் இதே மியூசியத்தில் வைத்து ஏலம் விட்டார்கள், 13.5 கோடி யூரோவுக்குப் போனது.

இதையெல்லாம் பார்த்து நான் மலைத்து நின்றேன். அப்பா மலைத்து நின்றது வேறு இடத்தில்.

எங்கள் ஊர் சங்ககிரி, லாரித் தொழில் ஊர். அப்பா பதினேழு வயதில் கிளீனராக ஏறிய முதல் வண்டி ஒரு டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ். இது பலருக்கு மறந்துவிட்டது. 1954இல் டாட்டாவின் டெல்கோ கம்பெனி டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது, 15 வருடம் அந்த ஒப்பந்தம் இருந்தது, முகப்பில் நட்சத்திரம் இருந்தது. 1969க்குப் பிறகு டாட்டா என்று மட்டும் வந்தது. ஆனாலும் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் வெகுகாலம் 'பென்ஸ் வண்டி' என்றேதான் சொன்னார்கள். பென்ஸ் என்றால் எங்கள் வீட்டில் முதலில் நினைவுக்கு வந்தது பணக்காரர் கார் இல்லை, லோடு ஏற்றிய லாரி.

அதனால் வகைவாரி அறைகளுக்குள் நுழைந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. 1969இன் அர்ஜென்டினா பஸ் ஒன்று நிற்கிறது, எல்ஓ 1112, மூக்கு நீண்ட வண்டி, உடம்பெல்லாம் சுருள் சுருளாக வரைந்த அலங்காரம். நம் லாரிகளுக்குப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பஸ் அந்நியமாகவே தெரியாது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது நம்ம பாடி கட்ற ஆள் செஞ்ச மாதிரியே இருக்குப்பா" என்றார். அப்புறம் 'நீல அதிசயம்' என்று பேர் வாங்கிய வண்டி. பந்தயக் காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போக 1954இல் செய்தது, 300 எஸ்எல் காரின் எஞ்சினைப் போட்டிருந்தார்கள், காரைச் சுமந்தபடி மணிக்கு 170 கிலோமீட்டர் போகும். அசல் வண்டியை 1967இல் உடைத்துப் போட்டுவிட்டார்கள், இங்கே இருப்பது பிறகு பார்த்துப் பார்த்து மறுபடி செய்தது. இதன் முன்னால் அப்பா நாற்பது நிமிடம் நின்றார். டிரைவர் இருக்கை முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறதே, வளைவில் திருப்பும்போது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

கம்பெனியின் பேர் உண்மையில் இந்த மாதிரி வண்டிகளால்தான் நின்றது என்று நான் நினைக்கிறேன். கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் தன் 1976 மாடல் 240 டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 2004இல் கம்பெனிக்கே கொடுத்தார். எந்த விளம்பரம் இதற்கு ஈடாகும்? கூடவே பாதுகாப்பு. மோதும்போது காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி, நடுவில் ஆள் இருக்கும் கூடு நசுங்காமல் இருக்க வேண்டும் என்று கம்பெனியின் பொறியாளர் பேலா பாரேனி 1951இல் காப்புரிமை கேட்டார், 1959இல் அது காரில் வந்தது. 1978இல் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், 1981இல் ஏர்பேக். இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் இவை இருப்பதில் இங்கே நடந்த வேலைக்கும் பங்கு உண்டு.

தோற்றுப்போன கதைகளும் உண்டு. 1997இல் ஏ கிளாஸ் புதிதாக வந்தபோது, சாலையில் திடீரென்று காட்டு மான் குறுக்கே வந்தால் திருப்புவது போல ஸ்வீடன் பத்திரிகைக்காரர்கள் சோதித்துப் பார்த்ததில் கார் உருண்டுவிட்டது. கம்பெனி முதலில் மழுப்பியது, பிறகு விற்பனையை நிறுத்தி, எல்லா ஏ கிளாஸிலும் வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பியைப் போட்டுக் கொடுத்தது. அதை நான் பாராட்டுவேன், ஏனென்றால் சின்ன விலைக் கார்களிலும் அது பரவ அந்த அவமானம் ஒரு காரணம். ஆனால் 2005இல் மின்னணு, பிரேக் கோளாறுகளுக்காகச் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, டீசல் கார்களின் புகை அளவுச் சோதனையில் ஏமாற்றியதாக அமெரிக்காவில் எழுந்த வழக்குகளை முடிக்க 2020இல் சுமார் 220 கோடி டாலர் ஒப்புக்கொண்டது, இவையெல்லாம் அந்தப் பழைய பழக்கம் தளர்ந்த காலம். பெர்த்தா வண்டியை ஓட்டிக் குறை கண்டார், பிற்காலத்தில் குறையை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் கோபம் அதுதான்.

போகிறவர்களுக்கு. திங்கட்கிழமை விடுமுறை. எஸ்1 ரயிலில் நெக்கர்பார்க் நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். பக்கத்திலேயே விஎஃப்பி ஸ்டுட்கார்ட்டின் கால்பந்து மைதானம், ஆட்டம் இருக்கும் நாளில் போகவே போகாதீர்கள், ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. வயதானவர்களோடு போனால் பாதியில் உட்கார்ந்து ஓய்வெடுத்து இறங்குங்கள், இறங்கும் சரிவு பார்க்க லேசாக இருந்தாலும் முழங்கால் பிடித்துக்கொள்ளும். குறைந்தது நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், லாரி ஓட்டியவர் கூட இருந்தால் ஆறு.

நேரம் மிச்சமிருந்தால் கான்ஸ்டாட் பூங்காவில் டைம்லரும் மைபாக்கும் எஞ்சின் செய்த தோட்டத்துக் கண்ணாடி வீட்டையும் பாருங்கள். இரவும் பகலும் உள்ளே தட்டும் சத்தம் கேட்டதால் கள்ளப் பணம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் போலீசில் சொல்லி, அவர்கள் வந்து சோதனை போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. சின்ன இடம். அப்பா உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சங்ககிரியில் தான் வேலை கற்ற பட்டறை இதைவிடப் பெரியது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.