பார்ட்டிகிள் பிசிக்ஸா பயாலஜியா?

எம்எஸ்சிக்கு என்ன எடுக்கன்னு கேட்டியே தம்பி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாத்தவன் சொல்றேன். பார்ட்டிகிள் பிசிக்ஸ்னா புரோட்டான கையில புடிச்சு மோதவிடுற வேலைன்னு நெனச்சுக்காத, 27 கிலோமீட்டர் மிஷின் ஜெனீவா பக்கத்துல பூமிக்கடியில கெடக்கும், நீ இங்க லேப்டாப்ல பைத்தான், சி பிளஸ் பிளஸ்னு கோட் எழுதி ஹிஸ்டோகிராம்ங்கிற பட்டை வரைபடத்துல புதுத் துகளோட அடையாளமா ஒரு சின்ன மேடு தெரியுதான்னு மாசக்கணக்கா முறைச்சுட்டு இருப்ப. பேப்பர்ல பேர் வரும்தான், ஆனா 2015ல ஹிக்ஸ்ங்கிற துகளோட மாஸ் எவ்வளவுன்னு அளந்த பேப்பர்லயே 5000 பேருக்கு மேல, அதுல உன் பேர தேடிக்கோ. நம்ம தேனி நியூட்ரினோ லேப் வேற வருஷக்கணக்கா இழுத்துட்டே கெடக்கு.

பயாலஜில எல்லாம் கைவேலை. திரவத்த அளந்து எடுக்குற பிபெட்ட அழுத்தி அழுத்தி கட்டைவிரல் வலிக்கும், செல்லுக்கு ஞாயித்துக்கெழமைன்னுலாம் தெரியாது, அது வளர்ற சத்து திரவத்த, அதாவது மீடியாவ, மாத்தியே ஆகணும். ஒருதடவ பொங்கல் லீவு முடிஞ்சு வந்து பாத்தா ரோஸ் கலர் மீடியா மஞ்சளா கலங்கிக் கெடக்கு, பாக்டீரியா குடியேறிருச்சு, மூணு வார வேலை போச்சு.

ஆனா பயாலஜி படிச்சா பார்மா, டயக்னாஸ்டிக்னு வெளிய போக வழி இருக்கு. பிசிக்ஸ் பக்கம் நெறைய பேரு கடைசில டேட்டா சயின்ஸ்தான், சம்பளம் என்னவோ அங்கதான் ஜாஸ்தி. என்னைக் கேட்டா பயாலஜிதான், ஆனா நீ ரத்தம் பாத்தாலே மயங்குற ஆளாச்சே.