பாண்டிச்சேரியில் ஹிப்னோதெரபிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"ஆழ்மனதைத் திறந்து பயத்தை வேரோடு எடுக்கிறோம்" என்று இன்ஸ்டாவில் விளம்பரம் ஓடுகிறதே, பாண்டியில் அந்த மாதிரி ஹிப்னோதெரபி (ஹிப்னாடிசம் மூலம் சிகிச்சை) நடத்தும் ஓர் இடத்தில் என் தங்கை 24,000 ரூபாய் கட்டினாள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. சித்தப்பா வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து பாண்டிக்கு வேலைக்குப் போகிறவள். கூட்டத்தில் நின்றால் நெஞ்சு படபடப்பு, மூச்சடைப்பு. அதற்காகத்தான் போனாள். பலகையில் 'டாக்டர்' என்று போட்டிருந்தது. 1840களில் வங்காளத்தில் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் மெஸ்மரிசத்தாலேயே (ஹிப்னாடிசத்தின் பழைய வடிவம்) வலி தெரியாமல் ஆபரேஷன் செய்தார் என்று முதல் நாளே அந்த ஆள் கதையை எடுத்துவிட்டாராம். அது உண்மைதான், ஹூக்ளியில் நடந்தது. ஆனால் வலி தெரியாமல் வைப்பது வேறு, சின்ன வயது நினைவைத் தோண்டுவது வேறு.

தினமும் கேட்கச் சொல்லி செஷன் ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நானும் கேட்டேன். "இருட்டா இருக்கு" என்கிறாள் இவள். உடனே அவர், "கதவை வெளியே பூட்டினது யாரு?" பூட்டியதாக அவள் சொல்லவே இல்லை! பதில் வராததால், "வீட்டு ஆம்பளைதானே? அப்பாவா, சித்தப்பாவா?" ரொம்ப நேரம் கழித்து ஈனக்குரலில் "சித்தப்பா..." என்கிறாள். "பாத்தீங்களா, ஆழ்மனசு பொய் சொல்லாது."

ஐந்து வயதில் சித்தப்பா தன்னைப் பின்பக்க அறையில் போட்டுப் பூட்டினார் என்று அன்றிலிருந்து நம்ப ஆரம்பித்தாள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த அறையோ, 2011 டிசம்பரில் 'தானே' புயல் வந்து ஓடெல்லாம் பறந்த பிறகு கட்டியது. அப்போது இவள் பத்தாவது படித்தாள். இவளுடைய ஐந்து வயதில் அங்கே கிடந்தது துவைக்கிற கல்.

அந்த ஹிப்னோதெரபி ஆளிடம் இதைச் சொன்னதும், "அப்படியானால் முற்பிறவி நினைவாக இருக்கும், அதற்குத் தனி பேக்கேஜ்" என்றார். முற்பிறவியிலும் சித்தப்பா இவர்தானா என்று கேட்க நாக்கு துடித்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீது இருக்கிறதா என்கிறார். ரசீது அவர் தந்தால்தானே? ஜிபேயில் போனதும் வேறு யாரோ பெயருக்கு.

அப்புறம் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவில் காட்டினோம். பேனிக் கோளாறாம், அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் நோய். மாத்திரையும் பேச்சு சிகிச்சையுமாக இப்போது பரவாயில்லை. ஹிப்னாடிசமே புளுகு என்று நான் சொல்லவில்லை. அது தூக்கமும் இல்லை, வசியமும் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சொல்வதை மனம் எளிதில் ஏற்கும் நிலை. வலியைக் குறைக்கவும், சிலவகைக் குடல் தொந்தரவுக்கும் மற்ற சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஆளுக்கு ஆள் பலன் மாறும். ஆனால் அந்த நிலையில் கேள்வியே நினைவாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதுவும் அசைக்க முடியாத நம்பிக்கையோடு. ஹிப்னாடிசத்தில் எடுக்கும் நினைவுகளை நம்ப முடியாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985லேயே சொல்லிவிட்டது.

போவதற்கு முன் பதிவு எண் கேளுங்கள். க்ளினிகல் சைக்காலஜிஸ்ட் (மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சிலில். எங்கள் ஆளிடம் கேட்டதற்கு ஃபிரேம் போட்ட ஆன்லைன் கோர்ஸ் சர்டிபிகேட்டைக் காட்டினார். யாரிடம் போவது என்றே தெரியவில்லையா, 14416க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது அதே ஆள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 'ஹிப்னாடிசத்தால் நினைவாற்றல்' என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் முகாம் போடுகிறார். தலைக்கு 3,000. பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.